அம்மாவுக்கு ஒரு மெழுகுவத்தி

"ஓடிப் போய்ப் பாத்தா, அம்மாவ ஐஸ் பெட்டில வச்சிருந்தாங்க."

கௌதமன் மைக்கைக் கீழே வைத்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். சமுதாயக்கூடத்தில் கூடியிருந்த பெண்கள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மரக்காணத்தில் மழைக்காலம். உப்புப் பாத்திகளில் தண்ணீர் நின்றதால் யாருக்கும் வேலை இல்லை. அந்த நாட்களில் உப்பளத்துப் பெண்களைக் கூட்டி, மனசில் கிடப்பதைப் பேச வைப்பதற்காக ஒரு தொண்டு நிறுவனம் கௌதமனை அனுப்பியிருந்தது. முதலில் நம் கதையைச் சொன்னால்தான் அடுத்தவர் வாய் திறப்பார் என்பது அவன் கண்ட அனுபவம்.

"நான் ஆசப்பட்ட பொண்ணக் கட்டிக்கிட்டேன். இனிமே என் வாசப்படி மிதிக்காதன்னு அம்மா சொல்லிட்டாங்க," என்று தொடர்ந்தான். "இடையஞ்சாவடில ரோட்டோரம்தான் எங்க வீடு. பொங்கலுக்குப் பொங்கல் புடவ எடுத்துக்கிட்டுப் போய் கேட்டுக்கு வெளிய நிப்பேன். தொறக்கவே மாட்டாங்க. கடைசியா அவங்களே கூப்பிட்டு விட்டாங்க. என்கிட்ட இன்னா சொல்ல நெனச்சாங்களோ, அது அவங்களோடவே போயிடுச்சு."

முந்தானைகள் கண்ணுக்குப் போயின. கடைசி வரிசையில், டீயும் பன்னும் தருவார்கள் என்று வந்து உட்கார்ந்திருந்த சாலம்மாள் திடீரென்று எழுந்தாள்.

"எம்பொண்ணும் வெளியதாங்க நிக்கிறா," என்றாள்.

பக்கத்து வீட்டு அருக்காணி திடுக்கிட்டுத் திரும்பினாள். மேரிசெல்வி வீட்டை விட்டுப் போன நாளிலிருந்து மகள் என்ற பேச்சையே சாலம்மாள் எடுத்ததில்லை. யாராவது எடுத்தால் அவர்களோடும் பேச்சை நிறுத்திவிடுவாள்.

"வேற சாமி கும்புடற பையனக் கட்டிக்கிச்சு. எனக்குப் பொண்ணே இல்லன்னு கோயில் வாசல்ல நின்னு கத்தினேன். கொழந்த பொறந்துச்சுன்னு ஆள் அனுப்பினா. எனக்கு வேல இருக்குதுன்னு சொல்லிட்டேன்." சாலம்மாள் வெளியே பாத்திகள் பக்கம் கைகாட்டினாள். "ஒரு வேலயும் இல்லங்க. அன்னிக்கும் இப்படித்தான் பாத்தி முழுக்கத் தண்ணி."

அருக்காணி அவளை இழுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டாள். பிறகு அருக்காணியும் பேசினாள். அவளுக்கு அடுத்தவளும் பேசினாள். மதியம் வரைக்கும் மைக் கை மாறிக்கொண்டே இருந்தது.

கூட்டம் முடிந்ததும் சாலம்மாள் கௌதமனிடம் போனாள்.

"சார், கல்லறைத் திருநாள் வருது. எங்க வூட்டுக்காரருக்கு மெழுகுவத்தி ஏத்தறப்போ உங்க அம்மாவுக்கும் ஒண்ணு ஏத்தறேன். பூசையில பேர் சொல்லி வேண்டிக்கச் சொல்றேன். அம்மா பேரு இன்னாங்க?"

கௌதமன் பையில் எதையோ தேடினான். "பேரு... பேரெல்லாம் எதுக்குங்க? நீங்க போய் உங்க பொண்ணப் பாருங்க. அது போதும்."

பெற்றவள் பெயரைச் சொல்லக்கூட நாக்கு எழவில்லையே, பாவம் என்று நினைத்துக்கொண்டாள் சாலம்மாள்.

மறுநாள் காலை பாண்டிச்சேரி பஸ் ஏறி, விசாரித்து விசாரித்து, மகள் வாழும் குயிலாப்பாளையம் போய்ச் சேர்ந்தாள். கதவைத் திறந்தவன் மருமகன் சிலம்பரசன். ஒரு நொடி திகைத்தான்.

"வாங்கத்த... மேரி, யாரு வந்திருக்காங்க பாரு!"

ஈரக் கையோடு வந்த மேரிசெல்வி அப்படியே நின்றுவிட்டாள். என்ன பேசுவது என்று வழியெல்லாம் யோசித்து வைத்ததில் ஒன்றும் சாலம்மாளுக்கு ஞாபகம் வரவில்லை.

"இன்னாடி இப்படி எளச்சிட்ட?" என்றாள்.

மேரிசெல்வி அழுதுகொண்டே உள்ளே போய், தூங்கிய குழந்தையைத் தூக்கிவந்து அம்மா மடியில் போட்டாள். அன்று மருமகன் தன் கையால் மீன் குழம்பு பரிமாற, சாலம்மாள் இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டாள்.

கை கழுவிவிட்டு வந்தவள், "மாப்ள, இடையஞ்சாவடி இங்கருந்து தூரமா?" என்று கேட்டாள்.

"பக்கந்தாங்கத்த. வண்டில போயிடலாம்."

"அங்க ஒரு அம்மா செத்துப்போயி எனக்குப் புத்தி குடுத்துட்டுப் போயிருக்குது. அவங்க படத்துக்குப் பூ வச்சி, ஒரு மெழுகுவத்தி ஏத்திட்டு வந்துடலாம்."

வழியில் சிலம்பரசனே பூவும் மெழுகுவத்தியும் வாங்கிக் கொடுத்தான். கௌதமன் வீடு என்று கேட்டதும் டீக்கடையில் கைகாட்டினார்கள். ரோட்டோர வீடுதான். கேட் திறந்தே கிடந்தது. வாசலில் அறுபது வயதுக்கு மேல் மதிக்கத்தக்க ஓர் அம்மாள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கௌதமனுக்குச் சித்தியோ பெரியம்மாவோ, இவர்தான் இப்போது வீட்டைப் பார்த்துக்கொள்கிறார் போலும் என்று எண்ணிக்கொண்டு சாலம்மாள் செருப்பைக் கழற்றினாள்.

"கௌதமன் சார் வூடு இதானுங்களே? நாங்க மரக்காணத்துலருந்து வர்றோம். சார் எங்க ஊருக்கு வந்து பேசினாரு. அவரு பேசினதக் கேட்டுத்தான் எம்பொண்ணு எனக்குத் திரும்பக் கெடச்சா."

முறம் சரிந்து கீரை தரையில் கொட்டியது. அந்த அம்மாள் எழுந்து வந்து சாலம்மாளின் இரண்டு கைகளையும் பூப்பொட்டலத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"எம்புள்ளய நேர்ல பாத்தியாம்மா? என்னப் பத்தி எதுனா சொன்னானா?"