கடுக்காய் மரத்தடி மண்

மண் சோதிக்க வந்த ஆபீசர் கண்ணாடிக் குழாயை வெயிலில் தூக்கிப் பிடித்ததும் ரங்கம்மாள் வேலையைப் போட்டுவிட்டு அவர் பின்னாலேயே போனாள்.

சர்க்கார் ஆள் சும்மா வத்தல்மலை ஏறுவானா? ஜெர்மன் சண்டைக்கு மரம் வெட்டப் போகிறார்களோ, காட்டையொட்டிய குடும்ப நிலத்தைப் பிடுங்கப் போகிறார்களோ.

புருஷன் இருந்தால் நேருக்கு நேர் கேட்டிருப்பான்.

மல்லையன் குடகுக் காப்பித் தோட்டத்துக்குப் போனவன், போனவன்தான். சேதி சொன்னது அவன் தம்பி நாகன். அங்கே வேறொருத்தியைச் சேர்த்துக்கொண்டான் என்று சொன்னதும் அவன்தான். அண்ணன் பங்கு நிலத்தையும் இப்போது அவனே உழுகிறான்.

ஊர்ச் சிரிப்பைக்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். தன்னை உதறிவிட்டுப் போக அவனுக்கு எப்படி மனசு வந்தது என்பதைத்தான் பொறுக்க முடியவில்லை.

ஆபீசர் காட்டில் அங்கங்கே மண் அள்ளி, மருந்து ஊற்றிக் குலுக்கினார். எலும்பில் இருக்கும் சத்து மண்ணிலும் இருந்தால் நீலமாகுமாம். எல்லாக் குழாயும் வெளுத்தே கிடந்தது. இங்கே மரங்கள் உதிர்த்த சருகை மக்கவைத்து அதையே தின்று வாழ்கின்றனவாம். வெட்டி ஏற்றிவிட்டால் இந்தக் காடு மறுபடி எழும்பாதாம். காட்டைக் காப்பாற்ற வந்த மகராசனா இவன்? அவள் அதையும் நம்பவில்லை.

ஒரு கடுக்காய் மரம் மட்டும் தளதளவென்று நின்றது. ஆபீசர் அதனடிக்குப் போனார்.

ஆபீசரின் மூட்டையைத் தூக்கிவந்த நாகன் குறுக்கே பாய்ந்தான்.

"அங்க வேணாமுங்க, பாம்புப் புத்து இருக்குதுங்க."

புற்று ஒன்றையும் காணோம். ஆபீசர் சிரித்துக்கொண்டே மண்வெட்டியால் மண்ணை அள்ளினார்.

குழாய் அவுரிச் சாயம் போலக் கருநீலமானது.

இங்கே எதைப் புதைத்தீர்கள் என்று கேட்டார்.

"செத்த மாடுங்க சாமி," என்றான் நாகன்.

ரங்கம்மாள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். அந்த ஊரில் மாடு செத்தால் பள்ளத்துக்கு இழுத்துப்போய்க் கழுகுக்குப் போடுவார்கள். குழி வெட்டுவது மனுஷருக்கு மட்டும்தான்.

ஆபீசர் தலையாட்டிவிட்டுப் பெட்டியை மூடினார். அவர் வேலை முடிந்தது.

அப்படியென்றால் வேறொருத்தி இல்லை. மல்லையன் குடகுக்கே போகவில்லை; இந்த மரத்தடியில்தான் இருந்தான். துக்கமும் நிம்மதியும் அவளுக்கு ஒன்றாய் வந்தன.

கீழே கிடந்த மண்வெட்டிக்கு நாகன் கை நீட்டினான். அவள் முந்திக்கொண்டு அதை எடுத்து மரத்தடியைத் தோண்டத் தொடங்கினாள்.