இலையின் மறுபாதி

சுருட்டு சுற்றக் கற்றுத்தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஓய்வு பெற்ற தோழிகள் நான்கு பேரோடு வந்திருந்தாள் வேதவல்லி. புகைக்கிற உத்தேசம் யாருக்கும் இல்லை. தோழிகளின் பலகையில் குண்டும் குச்சியுமாகச் சுருட்டுகள் பிறந்துவிட்டன. அவள் கையில் மூன்றாவது இலையும் கிழிந்தது. "எனக்கு வராதும்மா, விட்டுடு" என்றாள். சொல்லித்தரும் சகாயராணிக்கு அவள் மகள் வயதுதான் இருக்கும். சகாயராணி கிழிந்த இலையைப் பார்க்கவில்லை. வேதவல்லியின் மடியில் ஒளிந்திருந்த இடக்கை, வெறும் காற்றைச் சுற்றிக்கொண்டிருந்ததைத்தான் பார்த்தாள்.

"அந்தக் கையால சுத்துங்கம்மா."

"ஐயையோ, அது பீச்சாங்கை!" சிறுவயதில் அந்தக் கையை இடுப்போடு துணியால் கட்டிவிட்டுத்தான் அவளுக்குச் சோறு போட்டார்கள்.

சகாயராணி ஈரத்துணிக்குள்ளிருந்து முழு இலை ஒன்றை எடுத்து, நடுநரம்பை ஒரே இழுப்பில் உரித்தாள். இலை இரண்டு பாதியானது. "பக்க நரம்பு மேல தெரியாம உள்ள போகணும்னா, இந்தப் பாதிய இப்படிச் சுத்தணும், அந்தப் பாதிய எதிர்ப்பக்கமா சுத்தணும். அந்தப் பாதி எனக்கு இன்னமும் தகராறுதான். உங்க கைக்குன்னே வெளஞ்சிருக்கு, பாருங்க."

இந்த முறை இலை கிழியவில்லை. அறுபது வருஷமாக இதையே செய்துவந்ததுபோல, இடக்கை அதைச் சாய்வாக இழுத்து இழுத்துச் சுற்றி முடித்தது.

முதல் சுருட்டைச் சகாயராணிக்கே கொடுக்கத் தோன்றியது வேதவல்லிக்கு. கண் கலங்க, பழக்கதோஷத்தில் வலக்கைக்கு மாற்றிக்கொண்டு நீட்டினாள். சகாயராணி வாங்கவில்லை. சிரித்தபடி தன் இடக்கையை விரித்து நீட்டி, காத்திருந்தாள்.