சூமோ மல்லன் படம் போட்ட போத்தல்

ஜேர்மனியின் டோர்ட்மண்ட் நகரத்து வெளிறிய மத்தியான வெளிச்சம் யன்னலால் வந்து இராசலிங்கத்தின் படத்தில் விழுகிறது. அவர் இறந்து எட்டாம் நாள். அவருக்குப் பிடித்ததையெல்லாம் படைக்கிற எட்டுச் செலவு. வாழையிலையில் நண்டுக் கறியும் பொரித்த மீனும் ஆவி பறக்க இருக்கின்றன. பக்கத்தில் ஷெர்ரி வைன் பீப்பாயில் ஊறிய ஜப்பான் விஸ்கி. லேபிளில் ஒரு சூமோ மல்லன் கைமுட்டிகளைத் தரையில் ஊன்றிப் பாயக் காத்திருக்கிறான். வீட்டுக்குள் குடி வேண்டாம் என்று மனைவி சுந்தரேஸ்வரி சொன்ன ஒரு சொல்லுக்காக ஆறு வருடம் அலுமாரிக்குள் திறக்காமல் நின்ற போத்தல். இன்றைக்கு அவளே தக்கையைத் திருகி இழுக்கிறாள். உலர்ந்த திராட்சை வாசம் எழுகிறது. விஸ்கி செம்பு நிறத்தில் கிளாசுக்குள் விழுவதை, ஊற்றுவது வேறு யாருடையதோ கை என்பதுபோலப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

"அண்ணி, அண்ணை தண்ணி கலந்தோ குடிக்கிறவர்?" இராசலிங்கத்தின் தம்பி நகுலேசன் தண்ணிச் செம்போடு நிற்கிறான். "அவருக்கு முன்னால நான் ஒருநாளும் குடிச்சதில்லை."

முப்பத்திரண்டு வருடம் அவருக்கு உப்புப் புளி பார்த்துச் சமைத்தவள் கிளாசையே பார்க்கிறாள்.

"தெரியாது, தம்பி. தண்ணியைப் பக்கத்தில வையும். அவர் தன்ர அளவுக்குக் கலக்கட்டும்."