படத்துக்குப் பின்னால் ஈரம்

"எதையும் விட்டுடாதீங்கம்மா. ஒண்ணு விடாம எழுதிக்குங்க" என்றாள் அந்த வீட்டு அம்மாள், கதவைத் திறந்த கையோடு.

இன்ஷூரன்ஸ் கம்பெனியிலிருந்து வீட்டைப் பார்வையிட வந்த பெண்ணுக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. அவள் தலையைக் கண்டாலே வீட்டுக்காரர்கள் ஓட்டை உடைசலை மறைக்கத்தான் ஓடுவார்கள். இப்படி வரவேற்று யாரும் காட்டிக்கொடுத்ததில்லை.

அவளுக்கும் எதையும் விடக் கூடாத நிலைமைதான். இந்த மாதம் மட்டும் இரண்டு ரிப்போர்ட்டுகளை மேலதிகாரி திருப்பி அனுப்பிவிட்டார். மூன்றாவதும் திரும்பி வந்தால் வெளி வேலை கிடையாது, ஆபீசில் உட்கார்ந்து ஃபைல் அடுக்க வேண்டியதுதான் என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். அவருக்கு ஆபீசில் பூதக்கண்ணாடி என்று பெயர். வைத்தவர்கள் ரொம்ப யோசித்திருக்க மாட்டார்கள்.

சமையலறையில் தொட்டிக்குக் கீழே குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அதன் அடியில் ஒரு வாளி, குடும்பத்தில் ஒருவரைப் போல நிரந்தரமாகக் குடியேறியிருந்தது. எட்டு மாதமாகச் சொட்டுகிறதாம். கேட்டால் வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம் என்பாராம்.

"எட்டு மாசத்துல எத்தனை ஞாயிறு வந்து போச்சு, நீங்களே சொல்லுங்க. ஊருக்கெல்லாம் உபதேசம் பண்ணுவார். சொந்த வீடுன்னா மட்டும் கண்ணு தெரியாது" என்றாள் அம்மாள்.

மொட்டை மாடியில் தண்ணீர் போகும் வழியை இலைகள் அடைத்திருந்தன. மழைக்கு முன்னால் ஒரு கூடை இலையை அள்ளிவிட்டால் போதும், விட்டால் தண்ணீர் தேங்கிச் சுவருக்குள் இறங்கிவிடும் என்று பெண் விளக்கினாள். இறங்கியே விட்டதோ என்று அவளுக்குச் சந்தேகம்.

கூடத்துக்கு வந்ததும் அது உறுதியானது. ஸ்விட்ச் போர்டை ஒட்டி, இடுப்பு உயரத்தில், ஒரு பழைய கல்யாணப் படம் தொங்கியது. வேலையில் சேர்ந்த அன்று பூதக்கண்ணாடி சொன்னது ஞாபகம் வந்தது. "படம் மாட்டக் கூடாத இடத்துல படம் இருந்தா கழட்டிப் பாருங்க. விஷயம் அதுக்குப் பின்னாலதான் இருக்கும்."

தூசி படிந்த படத்தைக் கழற்றி அம்மாளிடம் கொடுத்தாள். பின்னால் சுவர் ஊறிப்போய், சுண்ணாம்பு உப்பி நின்றது. உடனே மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு வந்தாள்.

"அவர்தான் அங்கே மாட்டினார்" என்ற அம்மாளின் குரல் தணிந்தது. "இந்தச் சாய்வு நாற்காலியிலதான் வந்து சாய்வார். சாய்ஞ்சபடியே கையை நீட்டி ஃபேனைப் போடுவார். ஒவ்வொரு தடவையும் எனக்கு உயிர் போய் உயிர் வருதும்மா."

பெண்ணுக்கு மனது என்னவோ போலாகிவிட்டது. பத்து நாளில் சரிசெய்யாவிட்டால் பாலிசி புதுப்பிக்கப்படாது என்று அழுத்தமாகவே எழுதினாள். எழுதிய பிறகு தயக்கம் வந்தது. வீட்டுக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டாரா என்று கேட்டாள்.

"கோவிச்சுக்கட்டும். நான் சொன்னா காதுல ஏறாது. நீங்க எழுதினா ஏறும்."

"நீங்க வேறம்மா. நான் எழுதினாலே எங்க மேலதிகாரி குத்தம்தான் கண்டுபிடிப்பார்."

அம்மாள் சிரித்துவிட்டாள். "வெளியில அப்படித்தான் முறைப்பார். வீட்டுக்கு வந்தா, 'புதுசா வந்திருக்கிற பொண்ணு என்னையே மிஞ்சிடுவா'ன்னு தினமும் உங்க புராணம்தான். பாலிசி என் பேர்ல இருக்கறது வசதியாப் போச்சு. அவருக்குத் தெரியாம ஆபீசுக்கு போன் போட்டு, உங்களையே அனுப்பச் சொன்னேன்."

சொல்லிக்கொண்டே முந்தானையால் படத்தின் தூசியைத் துடைத்தாள். தலை நிறைய முடியும் கழுத்து நிறைய மாலையுமாகப் பூதக்கண்ணாடி அதில் முறைத்துக்கொண்டிருந்தார்.