லிகாயாவின் கை

"லிகாயா வரலியாம்மா இன்னிக்கு?"

நாலாம் அறைப் பெரியவர் கண் விழித்ததும் கேட்ட முதல் கேள்வி இதுதான். கேட்டது மார்லிஸிடம். கனடாவில், வின்னிபெக் நகரின் அந்த ஐ.சி.யூ.வில் பத்தொன்பது வருட நர்ஸ். அவருக்கு ராத்திரியெல்லாம் துடைத்துவிட்டவளும் அவள்தான். வயிறு எரியாமல் என்ன செய்யும்?

லிகாயா மணிலாவிலிருந்து வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அதற்குள் எல்லோருக்கும் அவள்தான் வேண்டும். போதாக்குறைக்கு, தினமும் மற்ற நர்ஸுகளுக்காக ஃபிளாஸ்க் நிறையச் சாக்லேட் பால் வேறு கொண்டுவருவாள்.

"அக்கா, உங்க கப்!"

"உனக்கு எதுக்குடி சிரமம்?" என்று சிரித்துக்கொண்டே வாங்கி, மார்லிஸ் நாலாம் அறைக்குள் போய்விடுவாள்.

அந்த வாரம் பெரியவருக்குக் காய்ச்சல் ஏறியது. எந்த மருந்துக்கும் இறங்கவில்லை.

"போன மாசம் இதே அறையில இருந்தவருக்கும் இதே கதை" என்றார் கிருமித் தடுப்பு டாக்டர் ஹால்டோர்சன். "ஆனா கிருமி வேற. மருந்தை முறிக்கிற ஜீன் மட்டும் அச்சு அசல் அதேதான். ஒரு கிருமி இன்னொண்ணுக்குக் கொடுத்திருக்கு. எங்க வச்சுன்னு கண்டுபிடிக்கணும்."

"லிகாயா கையைப் பாருங்க டாக்டர். கூப்பிடாத அறைக்கெல்லாம் ஓடுறவ அவதான்" என்றாள் மார்லிஸ்.

பார்த்தார்கள். லிகாயாவின் கையில் ஒன்றுமில்லை.

மூன்றாம் நாள் டாக்டர் எல்லோரையும் கூப்பிட்டார்.

"நாலாம் அறை வாஷ்பேசின் கழிவுக் குழாய்லதான் இருக்கு. கை கழுவ மட்டும்னு எத்தனை தடவை சொல்றது? உள்ள பூரா சாக்லேட் கசடு. பாலையும் சர்க்கரையையும் தின்னு கொழுத்து, ரெண்டு கிருமியும் அங்கயே ஜீனைக் கைமாத்திக்கிட்டிருக்கு. யார் கொட்டினது?"

மார்லிஸ் மெல்லப் பின்வரிசைக்கு நகர்ந்தாள்.

"நான்தான் டாக்டர்" என்றாள் லிகாயா.

பெரியவர் வேறு மருந்தில் பிழைத்துக்கொண்டார். லிகாயாவை அந்த வார்டிலிருந்தே மாற்றிவிட்டார்கள்.

லிஃப்ட் வாசலில் மார்லிஸ் ஓடிப்போய் மறித்தாள்.

"கொட்டினது நான்னு தெரியுமா உனக்கு?"

"போன மாசமே பாத்தேன் அக்கா. அங்க கொட்டாதீங்கன்னு சொல்லியிருக்கணும், கூச்சமா இருந்துச்சு. அதனால என் மேலயும் தப்புதானே?"

லிஃப்ட் கதவு திறந்தது. லிகாயா தயங்கிக் கேட்டாள்.

"இனிப்பு ஜாஸ்தியோன்னு, அன்னிலேர்ந்து உங்க கப்புக்கு மட்டும் தனியா காய்ச்சி எடுத்துட்டு வந்தேன் அக்கா. அதுவும் பிடிக்கலியா?"