பற்றரியைக் கழட்டித் தாங்கோ

“சைக்கிளில வச்சபடி சார்ஜ் போடேலாது. வெயிலில நெருப்புப் பிடிச்சா ஆர் பொறுப்பு? பற்றரியைக் கழட்டித் தாங்கோ,” என்றாள் நேசம்.

டெனிஷா சிரித்துக்கொண்டே தன் மின்சாரச் சைக்கிளின் சீற்றுக்குக் கீழிருந்த பூட்டில் திறப்பை விட்டுத் திருகி, பற்றரியை இழுத்துக் கொடுத்தாள். விறாந்தையில் ஏற்கெனவே ஐந்து கிடந்தன. எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. ஆள் மாறிப் போகாமலிருக்க நேசம் ஒவ்வொன்றிலும் பெயர் எழுதி ஒட்டியிருந்தாள்.

டெனிஷா போனதும் பக்கத்து வீட்டு மாக்ரெட் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். “உங்கட மனுசன் சவுந்தரநாயகத்தை அடிச்சுப் போட்டதே இப்பிடியொரு சைக்கிள்தானே. அதுகளுக்கே சும்மா சார்ஜ் போட்டுக் குடுக்கிறீங்க. உங்களுக்குப் பெரிய மனசு, நேசம்.”

பெரிய மனசாம், மண்ணாங்கட்டி! நாலு மாதத்துக்கு முன், காலைப் பூசைக்கு நடந்துபோன அவளுடைய புருஷனை ஒருத்தன் கொட்டாஞ்சேனைச் சந்தியில் இடித்து விழுத்திவிட்டு, திரும்பியும் பாராமல் பெடலை மிதித்து ஓடிவிட்டான். மூன்றாம் நாள் மனுஷன் ஆஸ்பத்திரியிலேயே கண்ணை மூடிவிட்டார். இலக்கத் தகடில்லாத சைக்கிளை எங்கே போய்த் தேடுவது என்று பொலிஸ் கையை விரித்துவிட்டது.

ஆனால், அவர் விழுந்த இடத்தில் ஒரு பற்றரித் திறப்புக் கிடந்தது. இடித்த வேகத்தில் கழன்று விழுந்திருக்க வேண்டும். நேசம் அதை ஒருத்தருக்கும் காட்டாமல் செபமாலையோடு கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டாள்.

திறப்பைத் தொலைத்தவனால் பற்றரியைக் கழற்ற முடியாது. என்றைக்காவது ஒருநாள் அவன் சார்ஜ் போட அவளுடைய வாசலில் வந்து பல்லைக் காட்டுவான். அதற்காகத்தான் இந்த இலவசச் சேவை. மன்னிப்பதெல்லாம் ஆண்டவர் பார்த்துக்கொள்ளட்டும். அவன் கம்பி எண்ணுவதை அவள் பார்த்தாக வேண்டும்.

அன்று பின்னேரம் துறைமுகத்தில் வேலை செய்யும் பிறெடி முதல்முறையாக வந்தான். சைக்கிளை அப்படியே உள்ளே உருட்டினான்.

“பற்றரியைக் கழட்டுங்கோ.”

“கழட்டேலாது அன்ரி. திறப்புத் துலைஞ்சிட்டுது.”

“எப்ப?”

“மூண்டு நாலு மாசம் இருக்கும்.”

நேசம் கழுத்திலிருந்த திறப்பை எடுத்துப் பூட்டில் விட்டுத் திருகினாள். பற்றரி கழன்று கையோடு வந்தது.

“கொலைகாரப் பாவி!” என்று விட்டாள் ஒரு அறை. கேற்றைப் பூட்டிவிட்டு ஒழுங்கையே அதிரக் கத்தினாள். சனம் கூடிவிட்டது. ஆளுக்கொரு அடி விழுந்தது.

“சத்தியமா நான் இல்ல அன்ரி! நான் ஆரையும் இடிக்கேல்ல. என்ர மனுசி பிள்ளைத்தாச்சி, அன்ரி!” என்று பிறெடி காலைப் பிடித்தான். நேசம் காலை உதறினாள்.

பொலிஸ் வந்ததும் சிங்களத்தில் மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் கொட்டினாள். அவர்கள் கண் முன்னாலேயே அந்தத் திறப்பால் பூட்டி, திறந்து காட்டினாள். திறப்பை நாளைக்குப் பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுவரச் சொல்லிவிட்டு, வாயில் இரத்தத்தோடு நின்ற பிறெடியை ஜீப்பில் ஏற்றினார்கள். “நாசமாப் போ!” என்று பின்னாலேயே மண்ணை அள்ளி எறிந்தாள்.

வீட்டுக்குள் வந்து புருஷனின் படத்துக்கு முன்னால் நின்றாள். “பிடிச்சுக் குடுத்திட்டனப்பா,” என்று ஓவென்று அழுதாள். பிறகு தேத்தண்ணி ஊற்றிக் குடித்தாள். நாலு மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அதில் ருசி தெரிந்தது.

வாசலில் மணிச்சத்தம் கேட்டது. வேலை முடிந்து வந்த டெனிஷா தன் பற்றரியை வாங்கிச் சைக்கிளில் செருகினாள். கைப்பையைக் கொட்டித் தேடினாள்.

“ஐயோ, திறப்பை ஒபிஸில விட்டிட்டன். பற்றரியைப் பூட்டாமப் போகேலாது.” நிமிர்ந்தவள் கண்ணில் நேசத்தின் கழுத்து பட்டது. “அட, உங்களிட்ட ஒண்டு கிடக்குது. ஒருக்காத் தாங்கோ.”

“இது வேற சைக்கிளின்ர, பிள்ளை.”

டெனிஷா சிரித்தாள்.

“எல்லாத்துக்கும் ஒரே திறப்புத்தான், அன்ரி.”