நான்காம் மாடிப் பணி

வீட்டில் ஒரு துரும்பைக்கூடக் கிள்ளிப் போடாத என் கணவர், நான் விளையாடும் ஹோட்டல் நடத்தும் வீடியோ கேமில் தரை துடைக்கும் ஆளுக்கு விளையாட்டாகத் தன் பெயரை வைத்திருந்தார். அவர் இறந்த பிறகு அந்த ஆளை வேலையிலிருந்து நீக்க எனக்கு மனம் வரவில்லை. முப்பது நாள் லீவு கொடுத்து, முடிய முடிய நீட்டிக்கொண்டிருந்தேன். இந்த முறை மறந்துவிட்டேன்.

இன்று திறந்தால், அவர் பெயருக்கு எதிரே 'பணியில்: நான்காம் மாடி' என்றிருந்தது. என் ஹோட்டலுக்கு மூன்று மாடிதான். நான்காம் மாடியில் குடியிருப்பது நாங்கள்.

பள்ளி விட்டு வந்த மகள் வாசலிலேயே நின்றாள்.

"அம்மா, இப்பதான் தொடச்சியா? ஹாலெல்லாம் ஈரமா இருக்கு."

"பாத்து வா, வழுக்கும்," என்றேன்.

திரையில் அவருடைய களைப்பு அளவு சிவப்பைத் தொட்டிருந்தது. 'ஓய்வு' என்பதை அழுத்தினேன்.

உள்ளே, யாருமில்லாத படுக்கையறையில் கட்டில் கிரீச்சிட்டது.